லோக்கல் கடினமா, லண்டன் கடினமா? இரண்டு ஏ/எல் பரீட்சைகளை எப்படி ஒப்பிடுவது

இலங்கையில் ஓ/எல் (சாதாரண தரப் பரீட்சை) பெறுபேறு வெளியாகும் வாரத்தில் பல தமிழ் வீடுகளில் ஒரே பேச்சுத்தான் நடக்கும். பிள்ளையை உள்ளூர் உயர்தரத்துக்கே விடுவதா, லண்டன் ஏ/எல்லுக்கு மாற்றுவதா? "லண்டன் எண்டால் லேசு, ஏ ஸ்டார் கொட்டும்" என்று ஒருவர் சொல்வார். "லோக்கல் முழுக்கப் பாடமாக்கிற சோதினை, வெளிநாட்டில் அதை ஆர் பார்க்கினம்?" என்று இன்னொருவர் தொலைபேசியில் சொல்வார். இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டையும் நம்பி முடிவெடுத்தால் பிள்ளையின் இரண்டு மூன்று வருடங்கள் வீணாகிவிடக்கூடும்.

குழப்பத்துக்குக் காரணம் 'கடினம்' என்ற சொல். அதற்குள் நான்கு கேள்விகள் ஒன்றாகக் கிடக்கின்றன.

1. வினாத்தாளில் உள்ள பாடம் கடினமா?
2. பரீட்சையை எழுதும் முறை கடினமா?
3. ஏ எடுப்பது கடினமா?
4. எடுத்த ஏயை வைத்துப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைவது கடினமா?

உள்ளூர்ப் பரீட்சையைப் பற்றி மக்கள் சொல்லும் பயங்கரக் கதைகளில் பெரும்பாலானவை நான்காவது கேள்விக்கு உரியவை. ஆனால் அவற்றை முதலாவது கேள்விக்கான விடையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

எதை எதோடு ஒப்பிடுகிறோம்?

'உள்ளூர்' அல்லது 'லோக்கல்' என்பது இலங்கைப் பரீட்சைத் திணைக்களம் நடத்தும் க.பொ.த. உயர்தரப் பரீட்சை. மாணவர் ஒரு பிரிவைத் தேர்ந்து மூன்று பிரதான பாடங்கள் எழுதுவார். 2000ஆம் ஆண்டுக்கு முன் நான்கு பாடங்கள் இருந்தன. தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் எழுதலாம்.

'லண்டன்' என்ற பெயருக்கு ஒரு கதை உண்டு. லண்டன் பல்கலைக்கழகத்தின் பரீட்சைச் சபைதான் முன்பு இந்தப் பரீட்சைகளை நடத்தியது. 1996இல் அது இன்னொரு நிறுவனத்தோடு சேர்ந்து எடெக்ஸெல் ஆனது. பின்னர் பியர்சன் நிறுவனத்தின் கைக்குப் போனது. பல்கலைக்கழகத்துக்கும் பரீட்சைக்கும் தொடர்பு விட்டுப்போய் வெகு காலமாகியும் நம் பேச்சில் 'லண்டன்' நிலைத்துவிட்டது. கேம்பிரிட்ஜ் சபையின் பரீட்சையையும் பலர் அதே பெயரால்தான் அழைக்கிறார்கள்.

இங்கே இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பிள்ளைகள் எழுதும் எடெக்ஸெல் தாள், இங்கிலாந்துப் பிள்ளை எழுதும் ஏ லெவல் தாள் அல்ல. இது 'இன்டர்நேஷனல் ஏ லெவல்', வெளிநாடுகளுக்கென்றே வைத்திருக்கும் பரீட்சை. இங்கிலாந்தில் 2015இல் தொடங்கிய சீர்திருத்தம் அலகு அலகாக எழுதி மதிப்பெண் சேர்க்கும் முறையைக் கைவிட்டது. இப்போது அங்கே எல்லாத் தாள்களும் படிப்பின் இறுதியில்தான். இன்டர்நேஷனல் ஏ லெவலில் மட்டும் அலகு முறை தொடர்கிறது. இது ஏன் முக்கியம் என்பது கீழே வரும்.

ஆப்பு அசைகிறதா, இல்லையா?

முதல் கேள்வி பாடம். இதைக் கணிதத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது, வித்தியாசம் அங்கேதான் கண்ணுக்குத் தெரியும்.

உள்ளூர் இணைந்த கணிதத்தின் இரண்டாம் தாளில் வழக்கமாக வரும் காட்சி ஒன்று. ஒப்பமான கிடை மேசை மேல் ஓர் ஆப்பு இருக்கிறது. அதன் சாய்ந்த முகத்தில் ஒரு துணிக்கை மெதுவாக விடப்படுகிறது. துணிக்கை கீழே சறுக்கும்போது ஆப்பும் மேசை மேல் பின்னோக்கி நகரும்.

லண்டன் எம்1 (இயக்கவியலின் முதல் அலகு) தாளிலும் சாய்தளம் வரும், துணிக்கை வரும், கப்பியும் இழையும் வரும். ஆனால் சாய்தளம் நிலையாக இருக்கும். 30 பாகை சாய்வுள்ள ஒப்பமான நிலைத்த தளத்தில் துணிக்கையின் ஆர்முடுகல் புவியீர்ப்பு ஆர்முடுகலில் சரிபாதி. ஒரு வரியில் விடை வந்துவிடும்.

அதே 30 பாகை ஆப்பை அசையவிட்டு, ஆப்பின் திணிவும் துணிக்கையின் திணிவும் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது தெரியாக் கணியங்கள் இரண்டு: ஆப்பின் ஆர்முடுகல், ஆப்புச் சார்பாகத் துணிக்கையின் ஆர்முடுகல். மேசைக்குச் சார்பாகத் துணிக்கை எப்படி நகர்கிறது என்பதற்கு இரண்டையும் காவிகளாகக் கூட்ட வேண்டும். பிறகு தொகுதி முழுவதற்கும் கிடையாக ஒரு சமன்பாடு, துணிக்கைக்குத் தளத்தின் வழியே இன்னொரு சமன்பாடு. தீர்த்தால் துணிக்கை ஆப்புச் சார்பாகப் புவியீர்ப்பின் ஐந்தில் நான்கு பங்கு ஆர்முடுகலோடு இறங்கும். ஆப்பு, புவியீர்ப்பை மூன்றின் வர்க்கமூலத்தால் பெருக்கி ஐந்தால் வகுத்த அளவோடு பின்னால் போகும். எங்கேயோ ஒரு சைன், கோசைன் குறி மாறினால் எல்லாம் போச்சு.

இது உண்மையிலேயே லண்டனின் அடிப்படை அலகுகளைவிட ஆழமான கணக்கு. எளிமை இசை இயக்கமும் அப்படித்தான். உள்ளூரில் அது எல்லோருக்கும் உரியது, லண்டனில் எம்3 எடுப்பவர்களுக்கே வரும். மூட்டிய கோல்களும் சட்டப்படல்களும் லண்டனின் எந்த வழக்கமான அலகிலும் வருவதில்லை. கணிதத் தொகுத்தறிவு, தாயங்கள், சிக்கலெண்கள் எல்லாம் லண்டனில் 'ஃபர்தர் மேத்ஸ்' என்ற மேலதிகக் கணிதப் பாடத்தை எடுப்பவர்களுக்கு மட்டும் உரியவை. உள்ளூரில் இணைந்த கணிதம் எடுக்கும் ஒவ்வொருவரும் அவற்றைப் படித்தே ஆக வேண்டும்.

சரி, அப்படியானால் உள்ளூர்தான் கடினம் என்று முடித்துவிடலாமா? முடியாது. லண்டன் வேறு பக்கமாக விரிகிறது. புள்ளிவிபரத்துக்குரிய எஸ்1 அலகில் இயல்நிலைப் பரம்பல் வருகிறது, எஸ்2இல் கருதுகோள் சோதனை வருகிறது. உள்ளூர் இணைந்த கணிதத்தின் புள்ளிவிபரப் பகுதி இடை, விலகல், நிகழ்தகவு என்ற அளவோடு நின்றுவிடுகிறது. ஒரு சமன்பாட்டை மீளச்செய்து கிட்டிய தீர்வு காண்பதும் லண்டனில் உண்டு. அப்புறம் லண்டன் தாள் சொற்களில் விடை கேட்கும்: "இழை நீளாதது என்ற தகவலை எங்கே பயன்படுத்தினீர்கள்?" "இந்த மாதிரியுரு நீண்ட காலத்துக்கு ஏன் பொருந்தாது?" சூத்திரத்தை ஓட ஓடப் போடும் பிள்ளை இந்த இரண்டு புள்ளிக் கேள்வியில் நின்றுவிடுவதுண்டு.

விஞ்ஞானப் பாடங்களில் இந்த இடைவெளி இன்னும் குறைவு. உள்ளூர்ப் பௌதிகவியலில் பரிசோதனையைத் தாளிலேயே கேட்பார்கள். அமைப்புக் கட்டுரைப் பகுதியில் ஒரு கருவியை வரைந்து, எந்த அளவீட்டை ஏன் அப்படி எடுக்க வேண்டும் என்று துருவுவார்கள். எடெக்ஸெல்லில் செய்முறைத் திறனுக்கு மூன்றாவது, ஆறாவது அலகுகள் என இரண்டு எழுத்துத் தாள்கள் உண்டு. கேம்பிரிட்ஜில் மாணவர் ஆய்வுகூடத்தில் நின்று கையாலேயே செய்து காட்டும் தாள் இருக்கிறது. இந்த ஒரு விடயத்தில் கேம்பிரிட்ஜ் மற்ற இரண்டையும்விட நேர்மையான பரீட்சை என்பது என் கருத்து. ஆய்வுகூடத்துக்குள் கால் வைக்காமலே பௌதிகவியலில் ஏ எடுக்க உள்ளூர் முறையில் வழி இருக்கிறது.

ஒரே மூச்சில் எழுதுவதும் துண்டு துண்டாக எழுதுவதும்

இரண்டாவது கேள்வி எழுதும் முறை. இங்கே உள்ளூர் மிகவும் கடுமையானது, அதில் சந்தேகமே இல்லை.

உள்ளூர்ப் பௌதிகவியலை எடுத்துக்கொள்வோம். முதல் தாள் 50 பல்தேர்வு வினாக்கள், இரண்டு மணித்தியாலம். ஒரு வினாவுக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூட. ஒவ்வொன்றிலும் ஐந்து தெரிவுகள். கணிப்பான் கிடையாது. இரண்டாம் தாள் மூன்று மணித்தியாலம்: நான்கு அமைப்புக் கட்டுரை, அதன் மேல் ஆறில் நான்கு கட்டுரை. இணைந்த கணிதத்தில் மூன்று மணித்தியாலத் தாள்கள் இரண்டு. ஒவ்வொரு தாளிலும் 25 புள்ளிக் கேள்விகள் பத்து, 150 புள்ளிக் கேள்விகள் ஏழில் ஐந்து. ஒரு 150 புள்ளிக் கேள்வியின் முதல் பாதியில் பிழைத்தால் மீதியையும் இழக்கும் ஆபத்து எப்போதும் உண்டு.

இரண்டு வருடம் படித்த முழுவதையும் அந்தச் சில வாரங்களுக்குள் கொட்ட வேண்டும். காய்ச்சல் வந்தாலும் வீட்டில் ஒரு சாவு விழுந்தாலும் அந்தத் திகதிகள் மாறப்போவதில்லை.

எடெக்ஸெல் இன்டர்நேஷனல் ஏ லெவலில் பௌதிகவியல் ஆறு அலகுகள். மொத்த நேரம் ஒன்பது மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட, அதாவது உள்ளூரைவிட நீண்டது. ஆனால் அதைப் பிரித்து எழுதலாம். ஜனவரி, மே-ஜூன், ஒக்டோபர் என வருடத்தில் மூன்று பருவங்கள் உண்டு. முதல் அலகை ஜனவரியில் எழுதி முடித்துவிட்டு அதை மறந்துவிட்டு அடுத்ததைப் படிக்கலாம். கணிப்பான் அனுமதி உண்டு, கணிதத்துக்குச் சூத்திரக் கையேடும் தருவார்கள்.

இதைவிடப் பெரிய வேறுபாடு திரும்ப எழுதுவதில் இருக்கிறது.

1. லண்டனில் ஓர் அலகு சறுக்கினால் அந்த அலகை மட்டும் திரும்ப எழுதலாம். இரண்டில் கூடிய புள்ளி கணக்கில் சேரும். நன்றாக எழுதிய மற்ற ஐந்து அலகுகளுக்கு எதுவும் ஆகாது.

2. உள்ளூரில் மூன்று பாடத்தையும் ஒரே தடவையில் எழுதிப் பெற்றிருக்க வேண்டும். முதல் ஷையில் (முதல் தடவையில்) இரசாயனவியல் ஏ, உயிரியல் ஏ, பௌதிகவியல் எஸ் (ஆகக் குறைந்த சித்தி) என்று வந்தால், இரண்டாம் ஷையில் பௌதிகவியலை மட்டும் எழுதி அந்த இரண்டு ஏயோடு சேர்க்க முடியாது. மூன்றையும் மறுபடி எழுத வேண்டும். போன வருடத்து ஏ இந்த வருடம் பி ஆகலாம். மொத்தம் மூன்று ஷைகள்தான்.

"லண்டன் லேசு" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் உணர்ந்து சொல்வது இதைத்தான். அலகு முறை மாணவரை மறதியிலிருந்தும் கெட்ட நாளிலிருந்தும் காப்பாற்றுகிறது. இங்கிலாந்து தன் சொந்தப் பிள்ளைகளுக்கு அதை நிறுத்தியதற்கு, திரும்பத் திரும்ப எழுதுவதே பழக்கமாகிவிட்டது என்ற கவலையும் ஒரு காரணம். அந்த வகையில் இன்றைய இங்கிலாந்து ஏ லெவல், இன்டர்நேஷனல் ஏ லெவலைவிட நமது உயர்தரத்துக்கே நெருக்கமாக இருக்கிறது.

ஏ என்பது எந்த இடத்தில் இருக்கிறது?

மூன்றாவது கேள்வி தரம். உள்ளூரில் ஏ என்பது 75 புள்ளி. எடெக்ஸெல்லில் ஏ என்பது 600க்கு 480, அதாவது 80 சதவீதம். இதைப் பார்த்தவுடன் "லண்டனில்தானே கூடக் கேட்கிறார்கள்" என்று தோன்றும். ஆனால் அந்த 80 நேரடிப் புள்ளி அல்ல.

லண்டன் தாள் திருத்தியதும் கிடைப்பது மூலப் புள்ளி. பருவத்துக்குப் பருவம் தாள் கூடக் குறையக் கடினமாக இருக்கும் என்பதால், ஒவ்வொரு தாளுக்கும் எல்லைக் கோட்டைத் தனியாக வரைவார்கள். 75 புள்ளித் தாளில் ஒரு பருவத்தில் 55 எடுத்தவருக்கு ஏ விழலாம், இன்னொரு பருவத்தில் 62 தேவைப்படலாம் (இவை விளக்கத்துக்கான எண்கள்). பிறகு அதைச் சீரான அளவுகோலுக்கு மாற்றுவார்கள். அந்தச் சீராக்கிய புள்ளியில்தான் 80 சதவீதம். ஏ ஸ்டார் வேண்டுமானால் மொத்தத்தில் 480 இருப்பதோடு, இரண்டாம் கட்ட அலகுகளில் 90 சதவீதமும் வேண்டும். கணிதத்தில் அது தூய கணித அலகுகளான பி3, பி4 இரண்டிலும் சேர்த்து 200க்கு 180.

ஆக, உள்ளூர் 75ஐயும் லண்டன் 80ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது, முழத்தையும் மீற்றரையும் எண்ணிக்கையால் ஒப்பிடுவது போலத்தான்.

ஏ என்பது காலத்தோடும் அசையும். கொவிட் நேரத்தில் பிரித்தானியா பரீட்சைகளை நிறுத்தியது. 2020 ஓகஸ்ட்டில் கணினிச் சூத்திரத்தால் தரம் போட்டு, எதிர்ப்பு வந்ததும் அதைக் கைவிட்டு ஆசிரியர்களின் மதிப்பீட்டையே ஏற்றது. பிரித்தானிய ஏ லெவலில் 2019இல் நான்கில் ஒரு பங்காக இருந்த ஏ, ஏ ஸ்டார் பெறுபேறுகள் 2021இல் நூற்றுக்கு 44.8 ஆகின. 2023இல் மறுபடி 27 அளவுக்கு இறங்கின. அதே 2020இல் இலங்கைப் பிள்ளைகள் ஒக்டோபரில் முகக்கவசத்தோடு மண்டபத்தில் இருந்து எழுதினார்கள், சிலர் ஊரடங்கு போட்ட பகுதிகளிலிருந்து வந்து எழுதினார்கள். 2021இல் ஏ ஸ்டார் எடுத்தவரும் 2023இல் ஏ எடுத்தவரும் யார் கெட்டிக்காரர் என்பதைச் சான்றிதழ் சொல்லாது.

இசட் புள்ளி: தாளின் கடினத்தை அழிக்கும் கணக்கு

இப்போது நான்காவது கேள்வி. உள்ளூர் மாணவர் அரச பல்கலைக்கழகத்துக்குப் போவது ஏயை வைத்து அல்ல, இசட் புள்ளியை வைத்து. இந்த முறை 2001இல் வந்தது.

கணக்கு எளியது. உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தை எழுதிய எல்லோருடைய சராசரியையும் கழியுங்கள். வருவதை அந்தப் பாடத்தின் நியம விலகலால் வகுங்கள். சராசரி 40, விலகல் 15 உள்ள பாடத்தில் 70 எடுத்தால் இசட் 2. சராசரி 55, விலகல் 10 உள்ள பாடத்தில் அதே 70 எடுத்தால் 1.5 மட்டுமே. மூன்று பாடத்தின் இசட் புள்ளிகளின் சராசரிதான் உங்கள் இறுதி எண். அதை நான்கு தசம இடத்துக்குத் தருவார்கள், அந்த நாலாவது தசமத்திலும் ஒருவர் வெளியே நிற்க நேரும்.

இதன் விளைவைக் கவனியுங்கள். "இந்த முறை கெமிஸ்ட்ரி பேப்பர் கொலை" என்று எல்லோரும் அழுதால், சராசரியும் கீழே இறங்கும். உங்கள் இடம் அப்படியே இருக்கும். தாள் எவ்வளவு கடினம் என்பது அனுமதியில் ஏறக்குறைய ஒரு பொருட்டே இல்லை. பக்கத்து மேசையில் இருந்தவர் உங்களைவிட எவ்வளவு நன்றாக எழுதினார் என்பதே பொருட்டு. லண்டனில் இந்தப் போட்டி இல்லை. ஒரு பல்கலைக்கழகம் ஏ, ஏ, பி கேட்டால், அதைப் பெறும் எல்லோரும் அந்த நிபந்தனையைத் தாண்டியவர்கள்தான்.

இசட் முறைக்கு ஓர் அடிப்படை நிபந்தனை உண்டு: ஒப்பிடப்படும் எல்லோரும் ஒரே தாளை எழுதிய ஒரே கூட்டமாக இருக்க வேண்டும். 2011இல் அது உடைந்தது. அந்த வருடம் பழைய பாடத்திட்டத்தில் ஒரு கூட்டமும் புதிய பாடத்திட்டத்தில் இன்னொரு கூட்டமும் எழுதின. இரண்டையும் கலந்து இசட் கணக்கிட்டதால் பெரும் குழப்பம் வந்து வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2012 ஜூனில் நீதிமன்றம் அந்தப் புள்ளிகளை நீக்கி, இரண்டு கூட்டத்துக்கும் வெவ்வேறாகக் கணக்கிடச் சொன்னது. ஒரே நாட்டில், ஒரே திணைக்களத்தின் இரண்டு தாள்களையே ஒரு கணக்கில் அடக்க முடியவில்லை. அப்படியிருக்க, லண்டன் பெறுபேற்றை 'உள்ளூரில் இவ்வளவு' என்று மாற்றித் தரும் அட்டவணைகள் சுற்றிவந்தால் நம்ப வேண்டாம்.

வாசல் எப்படி ஒடுங்கியது

உயர்தரம் எழுதுபவர்கள் வருடத்துக்கு இரண்டரை இலட்சம் அளவில். அவர்களில் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் பல்கலைக்கழகத்துக்குத் 'தகுதி' பெறுகிறார்கள். இடம் இருப்பது நாற்பதாயிரத்துச் சொச்சம் பேருக்கு. அதாவது தகுதி பெற்றவர்களிலேயே பெரும்பாலானோர் வெளியே நிற்கிறார்கள். உள்ளூர்ப் பரீட்சையின் பயம் முழுவதும் இந்த இடைவெளியிலிருந்துதான் வருகிறது.

அந்த இடங்களும் ஒரே வரிசையில் நிரப்பப்படுவதில்லை. பெரும்பாலான துறைகளில் 40 சதவீதம் நாடளாவிய திறமை அடிப்படையில், 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, 5 சதவீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. வடக்கு கிழக்கின் எட்டு மாவட்டங்களும் நுவரெலியாவும் அந்தப் பதினாறில் அடங்கும். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒவ்வொரு வெட்டுப்புள்ளி. அதனால் ஒரே தாளில் ஒரே புள்ளி எடுத்த இரண்டு பேரில் முல்லைத்தீவுப் பிள்ளை உள்ளே போகவும் கொழும்புப் பிள்ளை வெளியே நிற்கவும் கூடும். கொழும்புப் பிள்ளைக்குக் கிடைத்த ஆய்வுகூடமும் ஆசிரியரும் முல்லைத்தீவுப் பிள்ளைக்குக் கிடைத்திருக்காது என்பதையும் சேர்த்தே இதைப் பார்க்க வேண்டும்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த வரலாறு தூரத்துச் செய்தி அல்ல. 1971 அனுமதியில் மருத்துவத்துக்குத் தமிழ் மொழிமூல மாணவரிடம் 400க்கு 250 கேட்டார்கள், சிங்கள மொழிமூல மாணவரிடம் 229. தாள் ஒன்றுதான், கேட்ட புள்ளி வேறு. அதைத் தொடர்ந்து 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. அந்தத் தலைமுறைத் தமிழ்ப் பெற்றோருக்கு 'சோதினை கடினம்' என்பது வினாத்தாளைப் பற்றிய பேச்சாக ஒருபோதும் இருக்கவில்லை. இன்றைய வீடுகளில் வெளிநாட்டுப் பரீட்சை மேல் ஒரு தனி நம்பிக்கை இருப்பதற்கு அந்த நினைவும் காரணம்.

பெறுபேற்று விகிதத்தை வைத்து ஏன் முடிவெடுக்கக் கூடாது

"எங்கள் பாடசாலையில் லண்டன் எழுதியவர்களில் பாதிக்கு மேல் ஏ" என்ற விளம்பரத்தைப் பார்த்தால் மூன்று விடயங்களைக் கேளுங்கள்.

1. யார் எழுதினார்கள்? உள்ளூர்ப் பரீட்சையைத் தோட்டப் பாடசாலைப் பிள்ளையும் எழுதுகிறது, கொழும்புப் பெரிய கல்லூரிப் பிள்ளையும் எழுதுகிறது. பாடசாலைப் பரீட்சார்த்திக்குக் கட்டணம் இல்லை. லண்டனில் ஒவ்வொரு அலகுக்கும் கட்டணம், அதுவும் பவுண் கணக்கு. 2022இல் ரூபாய் விழுந்தபோது அது எத்தனையோ வீடுகளுக்குச் சுமையானது. காசு கட்டக்கூடிய வீடுகளின் பிள்ளைகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் எந்தப் பரீட்சையிலும் விகிதம் உயரும்.

2. எத்தனையாவது தடவை? அந்த ஏயில் திரும்ப எழுதிய அலகுகள் எத்தனை என்பது சான்றிதழில் தெரியாது.

3. எத்தனை பேர் இடையில் நின்றுவிட்டார்கள்? முதல் அலகுகளில் சறுக்கி நின்றுவிட்ட பிள்ளை இறுதி விகிதத்துக்குள் வருவதே இல்லை.

மொழி என்ற தனிக் கடினம்

இதை அதிகம் பேர் கணக்கில் எடுப்பதில்லை, ஆனால் ஓ/எல் வரை தமிழில் படித்த பிள்ளைக்கு இதுதான் முதல் வருடத்தின் மிகப் பெரிய சுவர். 'ஆர்முடுகல்' தெரிந்த பிள்ளைக்கு 'அக்சலரேஷன்' என்ற சொல்லைப் பழக ஒரு வாரம் போதும். சொற்கள் பிரச்சினையல்ல. உயிரியலில் நான்கு வரிச் சூழ்நிலையை ஆங்கிலத்தில் வாசித்து, அதில் எந்தத் தகவல் தேவை, எது தேவையில்லை என்று பிரித்து, 'விபரி' என்கிறதா 'விளக்கு' என்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். விபரிப்பதற்கு என்ன நடக்கிறது என்று சொன்னால் போதும், விளக்குவதற்குக் காரணமும் சொல்ல வேண்டும். புள்ளியிடும் திட்டம் இதில் விட்டுக்கொடுக்காது. பாடம் முழுவதும் தெரிந்த பிள்ளை சி எடுப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஆங்கில மொழிமூலத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இந்தச் சுவரே இல்லை. அதனால் ஒரு வீட்டில் 'லேசு' என்று சொல்லப்படும் பரீட்சை அடுத்த வீட்டில் கண்ணீராக முடிகிறது.

தெரிவு செய்யும்போது எது எதைத் தீர்மானிக்கிறது

1. இலக்கு இலங்கையின் அரச பல்கலைக்கழகம் என்றால் வேறு பேச்சில்லை, உள்ளூர்தான். வெளிநாட்டில் வாழ்ந்து படித்துத் திரும்பியவர்களுக்கென மிகச் சிறிய ஒதுக்கீடு ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு லண்டன் எழுதிய பிள்ளை வழமையான இசட் வரிசைக்குள் வர முடியாது. இதை ஓ/எல் முடிந்தவுடனேயே தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு வருடம் கழித்துத் தெரிந்துகொண்ட குடும்பங்கள் இருக்கின்றன.

2. இலக்கு வெளிநாடு என்றாலும் உள்ளூர் ஏ/எல் செல்லாக் காசு அல்ல. பிரித்தானியாவின் பல பல்கலைக்கழகங்கள் இலங்கை உயர்தரத்தை நேரடித் தகைமையாக ஏற்று, எந்தத் துறைக்கு என்ன தரம் என்று தங்கள் இணையத்தளத்திலேயே எழுதி வைத்திருக்கின்றன. "லோக்கலை ஒருத்தரும் பார்க்கமாட்டினம்" என்பது தவறு. ஆங்கிலத் தகைமை தனியே கேட்பார்கள், அவ்வளவுதான். இன்னும் ஒன்று: இணைந்த கணிதத்தில் கணிப்பான் இல்லாமல் பழகிய கை, எந்த நாட்டுப் பொறியியல் முதலாம் வருடத்திலும் தடுமாறுவது குறைவு.

3. காலத்தையும் எண்ணிப் பாருங்கள். உள்ளூரில் பரீட்சை எழுதி, பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வெளியாகி, பீடம் தொடங்குவதற்குள் நீண்ட காத்திருப்பு. இரண்டாம் ஷையும் சேர்ந்தால் முதலாம் வருடத்தில் உட்காரும்போது பிள்ளைக்கு 21 வயது ஆகியிருக்கலாம். லண்டன் எழுதிய பிள்ளை 18, 19இல் தொடங்கிவிடும், வீட்டில் பணம் இருந்தால்.

4. இரண்டையும் எழுதுபவர்களும் இருக்கிறார்கள். விஞ்ஞானப் பிரிவில் இரண்டு பாடத்திட்டமும் பெருமளவு ஒன்றோடொன்று பொருந்துவதால் இது நடக்காத காரியம் அல்ல. ஆனால் ஒழுங்கு முக்கியம். உள்ளூரை எழுதி முடித்த பிள்ளைக்கு அடுத்த லண்டன் பருவத்துக்குத் தயாராகத் தாளின் பாணியும் ஆங்கிலமும் எஸ்1 போன்ற சில அலகுகளும் மட்டுமே மீதி இருக்கும். எதிர்த் திசையில், லண்டனை முடித்துவிட்டு உள்ளூருக்கு வரும் பிள்ளைக்கு அந்த அசையும் ஆப்பும் சட்டப்படலும் கணிப்பானில்லாத இரண்டு மணித்தியாலமும் புதிதாகப் படிக்க வேண்டியவை. அதற்கு ஆறு மாத ரியூசன் போதாது.